இன்னொரு முறை வேளாங்கண்ணிக்கு

(கொல்லிமலை செம்மேட்டில், வேளாங்கண்ணிப் பாதயாத்திரைக்கு ஆயத்தமாகும் குழுவினரிடையே ஆடி மாதத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



ஆகஸ்டு 29-ஆம் தேதி மாலை வேளாங்கண்ணியில் கொடி ஏறும். செப்டம்பர் 8 மாதாவின் பிறந்தநாள். அதற்கு முந்தின நாள் இரவு பெரிய தேர்பவனியைப் பார்க்க வேண்டுமானால், ஆகஸ்டு கடைசி வாரத்தில் நாம் இந்த மலையை விட்டு இறங்கியாக வேண்டும். கையில் ஐந்து வாரம் இருக்கிறது. அந்த ஐந்து வாரத்தைப் பற்றிப் பேசத்தான் என்னை அழைத்திருக்கிறீர்கள். மாதாவின் மகிமையைச் சொல்ல நம் சாமியார்கள் இருக்கிறார்கள். நான் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். உங்களோடு இந்த வழியை நடந்தவள். எனக்குத் தெரிந்தது கால்களைப் பற்றித்தான். அதையே பேசுகிறேன்.

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் ஏற்கெனவே நடந்தவர்கள். முதல் முறை போகிறவரை அவருடைய வேண்டுதலே இழுத்துக்கொண்டு போய்விடும். பிள்ளைக்காக, கடனுக்காக, புருஷனின் குடிக்காக என்று மனத்தில் ஒன்று எரிந்துகொண்டிருக்கும். கால் கொப்பளித்தது கூடப் பாதி நேரம் தெரியாது. மறுமுறை போகிறவருக்கு வழி தெரியும், எந்த இடத்தில் எந்த வலி வரும் என்பதும் தெரியும். தெரிந்தவர் தெரியாதவருக்குத் துணையாக வேண்டும். நான் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதயாத்திரையில் வலியைப் பொறுத்துக்கொள்வதை நாம் மிகவும் மெச்சுகிறோம். வலியைக் கவனிப்பதுதான் அதைவிடப் பெரிய பக்தி என்று நான் நம்புகிறேன். தன் வலியையும், பக்கத்தில் நடப்பவரின் வலியையும்.

வழியை ஒருமுறை மனத்துக்குள் நடந்து பார்ப்போம். செம்மேட்டிலிருந்து சோளக்காடு. அங்கிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கினால் காரவள்ளி. பிறகு காளப்பநாயக்கன்பட்டி, சேந்தமங்கலம், நாமக்கல். அதைத் தாண்டிக் காவிரிக் கரையைப் பிடித்துத் தொட்டியம், முசிறி, குணசீலம், திருச்சி. திருச்சியிலிருந்து துவாக்குடி, செங்கிப்பட்டி, வல்லம், தஞ்சாவூர். அப்புறம் சாலியமங்கலம், அம்மாபேட்டை, நீடாமங்கலம், கொரடாச்சேரி, திருவாரூர், கீழ்வேளூர், சிக்கல், நாகப்பட்டினம். நாகையிலிருந்து தெற்கே 12 கிலோமீட்டர் போனால் வேளாங்கண்ணி. எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 280 கிலோமீட்டர். ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரமான இடத்தில் பிறந்து வளர்ந்த நாம், கடல் மட்டத்துக்கே நடந்து போய்ச் சேர்கிறோம்.

மலைக்காரருக்கு நடக்கச் சொல்லித்தர வேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டும். நம் கால் ஒற்றையடிப் பாதைக்குப் பழகிய கால். மண்ணில், கல்லில், வேரில் வைக்கும் ஒவ்வோர் அடியும் ஒவ்வொரு மாதிரி விழும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்தம் விழாது. தார்ச்சாலை அப்படி இல்லை. காலையில் வைத்த அடியும் மாலையில் வைக்கும் அடியும் பாதத்தின் அதே இடத்தில், அதே அழுத்தத்தோடு விழும். இங்கே ஆடிக் காற்றில் போர்வை கேட்கிறது. ஆவணியில் செங்கிப்பட்டிப் பக்கம் நண்பகலில் தாரின் சூடு செருப்பைத் தாண்டி ஏறும்.

முதல் நாள் இறக்கம் இன்னொரு தொல்லை. ஏறும்போது மூச்சு வாங்குகிறது, அதனால் மெதுவாகப் போகிறோம். இறங்கும்போது மூச்சு வாங்காது, அதனால் ஓடுகிறோம். ஆனால் இறங்குகையில் தொடைத் தசை இழுபட்டுக்கொண்டே உடம்பின் பாரம் முழுவதையும் ஒவ்வோர் அடியிலும் பிடித்து நிறுத்துகிறது. அந்த வலி அன்றைக்குத் தெரியாது. மறுநாளும் அதற்கு அடுத்த நாளும், சேந்தமங்கலத்துக்கும் நாமக்கல்லுக்கும் போகும்போதுதான் தெரியும். விரல்கள் செருப்பின் முனையில் முட்டி நகம் கறுத்துப் போவதும் இந்த இறக்கத்தில்தான். ஆகவே இந்தமுறை முதல் நாள் காரவள்ளியோடு நிறுத்திக்கொள்வோம். இரண்டாம் நாளும் குறைவாக நடப்போம். இளைஞர்கள் முனக வேண்டாம்.

சேந்தமங்கலத்தின் பேரைச் சொன்னேன். அங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். 1623-ஆம் ஆண்டு மதுரையிலிருந்து ஒரு துறவி வடக்கே புறப்பட்டு, திருச்சி வழியாகச் சேந்தமங்கலம் வந்தார். அப்போது அந்த ஊரை ஆண்ட இராமச்சந்திர நாயக்கர் அவரை மரியாதையோடு ஏற்றுக்கொண்டார். அங்கிருந்து அவர் சேலத்துக்குப் போனார். காவி உடுத்தி, மரக்கறி உணவு உண்டு, தமிழில் எழுதி, தமிழில் போதித்த இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலி அவர். தத்துவ போதகர் என்று நம் முன்னோர் அழைத்தார்கள். அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது கடந்திருந்தது. நாம் காவி கட்டி மலையை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடிகள், காவி கட்டிய கத்தோலிக்கக் குரு ஒருவர் நானூறு ஆண்டுகளுக்கு முன் வந்து நின்ற மண்ணில்தான் விழுகின்றன. பிள்ளைகளுக்கு அந்த ஊரைக் கடக்கும்போது இதைச் சொல்லுங்கள்.

அடுத்து நான் சொல்லப்போவது நம் மலையின் கதை. இதை நம் பிள்ளைகளில் பலருக்கு யாரும் சொல்லவில்லை என்பது எனக்கு வருத்தம்.

1913-இல் ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் என்ற ஆங்கிலேயத் தம்பதி இந்த மலையில் குடியேறினார்கள். பாப்டிஸ்ட் சபையினர். மாதாவுக்கு நேர்ந்துகொண்டு நடக்கும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. ஆனால் அவர்கள் இந்த மலையில் நடந்த நடை சாதாரணமானது இல்லை. சாலை கிடையாது. ஊர் ஊராக நடந்தே போய் மருந்து கொடுத்தார்கள், பள்ளி வைத்தார்கள். 1914 ஜூலை 17-இல் அவர்களுக்கு ஒரு மகன் பிறந்தான். பேர் பால். ஒன்பது வயதுவரை இந்தக் காட்டில் மரம் ஏறி விளையாடி வளர்ந்த பிள்ளை, படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டான். 1929-இல் தகப்பனார் கருநீர்க் காய்ச்சலில் இங்கேயே இறந்துபோனார். மகன் டாக்டராகி 1946-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார்.

அங்கே அவர் தொழுநோயாளிகளைப் பார்த்தார். அந்த நோய் வந்தால் சதை தானாக அழுகி விரல்கள் விழுந்துவிடும் என்றுதான் அப்போது எல்லாரும் எண்ணியிருந்தார்கள். டாக்டர் பால் பிராண்ட் ஒவ்வொரு நோயாளியின் கையையும் காலையும் பொறுமையாகக் கவனித்தார். சதை தானாக அழுகவில்லை. நோய் நரம்பைக் கெடுத்து வலியை எடுத்துவிடுகிறது. வலி இல்லாததால் முள் குத்தினாலும் தெரியாது, சூடு பட்டாலும் தெரியாது. புண்ணான காலையே ஊன்றி நடந்து நடந்து அந்த மனிதர் தம் காலைத் தாமே இழந்துவிடுகிறார். உலக மருத்துவம் இதை அவரிடமிருந்து கற்றுக்கொண்டது. பிற்பாடு அமெரிக்காவில் கார்வில் என்ற இடத்துத் தொழுநோய் மருத்துவமனையில் வேலை செய்தபோது இன்னொன்றையும் சோதித்துப் பார்த்தார். சின்ன அழுத்தம்தான், ஒருமுறை பட்டால் ஒன்றும் ஆகாது. அதையே ஒரே இடத்தில் நாள்தோறும் ஆயிரக்கணக்கான முறை கொடுத்தால் அந்த இடம் சூடேறி வீங்கி, சில நாளில் புண்ணாகிவிடுகிறது. நான் தார்ச்சாலையைப் பற்றி முன்பு சொன்னதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

உணர்வுள்ள மனிதர் நெடுந்தூரம் நடக்கும்போது, தம்மை அறியாமலே அடியை மாற்றி வைக்கிறார் என்பதையும் அவர் கவனித்தார். குதிகால் நோகத் தொடங்கினால் பாரத்தைக் கொஞ்சம் முன்பக்கம் தள்ளுகிறோம். ஓரம் நொந்தால் நடுவில் ஊன்றுகிறோம். வலிதான் நமக்குள்ளே இருந்து இதைச் செய்கிறது. உணர்வு இழந்தவர் கடைசி அடியையும் முதல் அடியைப் போலவே வைக்கிறார்.

டாக்டர் பிராண்ட் தம் வாழ்க்கையில் நடந்ததாகச் சொன்ன ஒரு நிகழ்ச்சி உண்டு. இங்கிலாந்தில் ஒரு நீண்ட ரயில் பயணம் முடிந்த இரவில், காலுறையைக் கழற்றும்போது குதிகாலில் உணர்ச்சியே இல்லை. ஊசியால் குத்திப் பார்த்தார். வலி இல்லை. தொழுநோயாளிகள் நடுவிலே இத்தனை காலம் வேலை செய்தவருக்கு அந்த இரவு எப்படி இருந்திருக்கும்! விடிந்ததும் மறுபடி குத்தினார். சுரீரென்று வலித்தது. ரயிலில் அசையாமல் உட்கார்ந்திருந்ததில் நரம்பு மரத்துப் போயிருந்தது, அவ்வளவுதான். அந்த வலிக்காக அவர் கடவுளுக்கு நன்றி சொன்னார்.

கொல்லிமலையில் வளர்ந்த ஒருவர் உலகத்துக்குச் சொன்ன பாடத்தைக் கொல்லிமலையிலிருந்து நடக்கிறவர்கள் அறிந்திருக்க வேண்டாமா? எம்.சி.ஆர். செருப்பு என்று இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு எழுதிக் கொடுக்கிறார்களே, மெத்தென்ற அந்த ரப்பர் செருப்பைத் தொழுநோயாளிகளின் பாதத்துக்காகப் பாடுபட்டுச் செய்து பரப்பியவர்களில் அவரும் அவருடைய வேலூர்த் தோழர்களும் முக்கியமானவர்கள்.

அவருடைய தாயார் ஈவ்லினைப் பற்றியும் ஒரு வார்த்தை. கணவர் இறந்தபிறகும் அந்த அம்மா ஊழியத்தை விடவில்லை. மிஷன் ஓய்வு கொடுத்த பிறகு, எழுபதை நெருங்கும் வயதில், இதே மலைக்குத் திரும்பி வந்தார். பக்கத்து மலைகளுக்கும் போனார். தொண்ணூறு தாண்டியும் கோல் ஊன்றி வேலை செய்து, 1974-இல் காலமானார். வயதாகிவிட்டது, இன்னொரு முறை முடியுமா என்று என்னிடம் கேட்கும் பாட்டிமார்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். முடியுமா என்பதைக் காலைப் பார்த்துச் சொல்லலாம். வயதை வைத்துச் சொல்ல முடியாது.

இனி நேர்ச்சைக்கு வருகிறேன். செருப்பில்லாமல் நடப்பதாக நேர்ந்துகொண்டவர்கள் உங்களில் உண்டு. உங்கள் பக்தியின் முன்னால் நான் தலை குனிகிறேன். ஆனால் சர்க்கரை நோய் பல ஆண்டாக உள்ளவருக்கு, தொழுநோயில் நடப்பதுபோலவே, பாதத்தில் உணர்வு குறைந்துவிடக்கூடும். நீடாமங்கலத்தில் ஓர் இரவு, நம்மோடு நடந்த ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றியபோது உள்ளே ஒரு சரளைக் கல் இருந்தது. காலையிலிருந்து அந்தக் கல்லை மிதித்துக்கொண்டே நடந்திருக்கிறார். பாதத்தில் குழி விழுந்து ரத்தம் கசிந்திருந்தது. அவருக்கு எதுவும் தெரியவில்லை. செருப்பு போட்டவருக்கே இப்படி என்றால் வெறுங்காலில் நடக்கும் சர்க்கரை நோயாளியின் கதி என்ன? இப்படிப்பட்ட புண்ணால் கால் எடுக்க வேண்டி வந்தவர்களை நான் வார்டில் பார்த்திருக்கிறேன்.

நேர்ந்துவிட்டேனே, மாற்றலாமா என்று பயப்படாதீர்கள். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு நேர்ச்சைகளைப் பற்றித் தெளிவாகச் சொல்கிறது. தனிப்பட்ட நேர்ச்சையை, அதற்குச் சமமான அல்லது அதைவிட மேலான நற்செயலாக நேர்ந்தவரே மாற்றிக்கொள்ளலாம் என்கிறது 1197-ஆம் சட்டம். நியாயமான காரணம் இருந்தால், பிறருடைய உரிமைக்குப் பழுதில்லாமல், பங்குத்தந்தையே அதிலிருந்து விடுவிக்கலாம் என்கிறது அதற்கு முந்தைய சட்டம். வருகிற ஞாயிறு பூசைக்குப் பிறகு சாமியாரைப் போய்ப் பாருங்கள். வெறுங்காலுக்குப் பதிலாக நம் குழுவின் சமையலுக்கு விறகு சுமக்கலாம். காலில்லாத ஒருவருக்கு ஊன்றுகோல் வாங்கிக் கொடுக்கலாம்.

வேளாங்கண்ணியின் பாரம்பரியக் கதைகளையே நினைத்துப் பாருங்கள். பால் கொண்டுபோன சிறுவனின் கதை, கடலில் தப்பிய போர்த்துக்கீசிய மாலுமிகளின் கதை, இந்த இரண்டுக்கும் நடுவில் நடுத்திட்டில் மோர் விற்ற பையனின் கதை. அவன் கால் ஊனமானவன். மாதா குழந்தையோடு தோன்றி மோர் கேட்கிறாள். கொடுக்கிறான். நாகப்பட்டினத்துக்குப் போய் ஒரு பெரிய மனிதரிடம் செய்தி சொல்லச் சொல்கிறாள். அப்போதுதான் தன் கால் குணமாகிவிட்டதை உணர்ந்து எழுந்து ஓடுகிறான். நாம் கடைசி நாளில் நடக்கிற நாகை வழியை, குணமான காலோடு முதலில் கடந்தவன் அவன் என்று நம் மரபு சொல்கிறது. அப்படிக் காலைக் கொடுத்த தாய், நம் காலைக் கெடுத்துக்கொண்டு வரச் சொல்வாளா? 1962 நவம்பர் 3-இல் திருத்தந்தை 23-ஆம் யோவான் அந்தக் கோவிலைப் பசிலிக்காவாக உயர்த்தினார். இன்று எத்தனையோ லட்சம் பேர் போகிறார்கள். கோவிலில் காணிக்கையாகக் கிடக்கும் வெள்ளிக் கால்களைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொன்றும் குணமானதற்கு நன்றியாக வந்த கால்.

இப்போது வேலைக்கு வருவோம். செருப்பை இந்த வாரமே வாங்குங்கள். புறப்படும் நாளுக்கு முந்தின நாள் வாங்கிய புதுச் செருப்பைப் போல் பகை வேறு இல்லை. பின்வார் உள்ள செருப்போ, அரை அளவு பெரிய கேன்வாஸோ போதும். நடக்க நடக்கப் பாதம் வீங்கும், அதற்கு இடம் வேண்டும். ஹவாய் செருப்பில் நெடுந்தூரம் நடந்தால், அது கழன்றுவிடாமல் இருக்க விரல்கள் இடுக்கிப் பிடித்துக்கொண்டே வரும். கெண்டைக்கால் பிடித்துக்கொள்வது அதனால்தான். நகத்தை நேராக வெட்டுங்கள். தொடை உரசும் இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். கொப்பளம் வந்தால் மேல்தோலைப் பிய்க்காதீர்கள், அந்தத் தோல்தான் உள்ளே இருப்பதைக் காக்கும் கட்டு. எரிச்சல் தொடங்கிய உடனே நின்று பிளாஸ்திரி ஒட்டுவதற்குப் பத்து நிமிடம் ஆகும். நிற்காமல் போனால் நாலு நாள் நொண்ட வேண்டும்.

பயிற்சியையும் சொல்கிறேன். மலையில் தினமும் நடக்கிறோமே என்று விட்டுவிடாதீர்கள். வாரத்தில் இரண்டு நாள், அடுத்தடுத்த நாளாக, தார்ச்சாலையிலேயே நடங்கள். ஒருநாள் இருபது கிலோமீட்டர் நடப்பது யாருக்கும் முடியும். மறுநாள் காலை அதே காலோடு எழுந்து மறுபடி நடப்பதுதான் பாதயாத்திரை. ஒருமுறையாவது காரவள்ளிக்கு இறங்கி, மறுநாள் சேந்தமங்கலம்வரை போய், பஸ்ஸில் திரும்பி வாருங்கள்.

பெண்களுக்கு மட்டும் ஒரு விஷயம், ஆண்களும் கேட்டுக்கொள்ளுங்கள். வழியில் கழிப்பறை கிடைக்காது என்பதற்காகத் தண்ணீர் குடிக்காமலே நடக்கிற பெண்கள் ஏராளம். திருச்சி தாண்டும்போது நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வருவது அதனால்தான். இதைப் பக்தியின் கணக்கில் சேர்க்காதீர்கள். இது ஏற்பாட்டில் உள்ள குறை, அதைச் சரிசெய்வது குழுவின் கடமை. நம் வண்டியில் முன்னால் போகிறவர்கள் கோவில், பள்ளிக்கூடம், மண்டபம், பெட்ரோல் பங்க் என்று ஒவ்வொரு இடமாகப் பேசி வைத்து, எங்கே கழிப்பறை உண்டு என்பதை முந்தின இரவே பெண்களிடம் சொல்லிவிட வேண்டும். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் எல்லார் கையிலும் இருக்கட்டும். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நடக்கும் நாட்களில் அளவை மாற்ற வேண்டுமா என்று டாக்டரிடம் இப்போதே கேளுங்கள். சர்க்கரை இறங்கி மயங்குவது ஏறுவதைவிட உடனடி ஆபத்து. மிட்டாய் பையில் இருக்கட்டும்.

நடக்கும் நேரம் விடியற்காலை மூன்று மணியிலிருந்து ஒன்பதுவரை, பிறகு மாலை நாலுக்கு மேல். இருட்டில் நடப்பதால் சொல்கிறேன்: காவி உடை இரவில் லாரிக்காரர் கண்ணுக்குத் தெரியாது. பாதயாத்திரை போனவர்கள் மீது வண்டி மோதியது என்ற செய்தியை ஆண்டுதோறும் எங்காவது ஒரு மூலையில் படிக்கிறோம். திருச்சியிலிருந்து நாகைவரை நாம் நடப்பது தேசிய நெடுஞ்சாலை. முதுகிலும் கையிலும் ஒளிரும் பட்டை இல்லாத யாரும் இரவில் நடக்கக் கூடாது. எதிரே வரும் வண்டி நம் கண்ணுக்குத் தெரியும்படி சாலையின் வலது ஓரத்தில், ஒற்றை வரிசையில் நடக்க வேண்டும். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு நடப்பது வேண்டாம். நம் மாதா சப்பரத்துக்கு முன்னும் பின்னும் விளக்கோடு ஒருவர். ஜெபமாலை சொல்லிக்கொண்டு நடப்பதற்கு நான்கு பேர் அகலமாகப் போக வேண்டியதில்லை, வரிசையிலும் குரல் கேட்கும்.

ஸ்பெயின் நாட்டில் சந்தியாகு அப்போஸ்தலரின் கல்லறை இருக்கும் கொம்போஸ்தெலாவுக்கு உலகம் முழுவதிலுமிருந்து நடக்கிறார்கள். பிரான்ஸ் எல்லையிலிருந்து தொடங்கினால் சுமார் 780 கிலோமீட்டர். குறைந்தது கடைசி 100 கிலோமீட்டர் நடந்தவருக்குச் சான்றிதழ் உண்டு. அந்த வழியெங்கும் மஞ்சள் அம்புக்குறிகள் இருக்கும். 1980-களில், வழி மறந்துபோய் நடப்பவர் சிலரே இருந்த காலத்தில், எலியாஸ் வலீஞ்ஞா என்ற ஒரு கிராமப் பங்குச் சாமியார் மஞ்சள் பெயிண்டை எடுத்துக்கொண்டு போய் மரத்திலும் கல்லிலும் அம்பு போடத் தொடங்கினார். அவர் 1989-இல் இறந்துவிட்டார். இன்று ஆண்டுக்கு நாலு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் அந்த அம்புகளைப் பார்த்து நடந்து அந்தச் சான்றிதழை வாங்குகிறார்கள். இன்னொரு வழக்கமும் அங்கே உண்டு. ஒருமுறை நடந்து முடித்தவர்கள் மற்றோர் ஆண்டு வந்து, வழியோர விடுதிகளில் சில வாரம் சம்பளமில்லாமல் தங்கி, வருகிறவர்களுக்குப் படுக்கை விரித்து, கால் புண்ணுக்கு மருந்து போட்டு அனுப்புகிறார்கள். அவர்களுக்கு அதுவே மறுமுறை யாத்திரை.

நமக்கு அப்படிப்பட்ட விடுதிகள் இல்லை. ஆனால் நம் வழியிலும் கைகள் உண்டு. முசிறிப் பக்கமும் அம்மாபேட்டைப் பக்கமும் வீட்டு வாசலில் அண்டா வைத்து மோர் ஊற்றுகிறவர்களில் பெரும்பாலோர் நம் மதத்தவர் இல்லை. சமயபுரத்துக்கு நடக்கிறவருக்கும் இதே ஊர்களில்தான் தண்ணீர் கிடைக்கிறது. செட்டிநாட்டிலிருந்து பழனிக்குத் தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடி எடுத்து நடப்பது நானூறு ஆண்டுக்கு மேற்பட்ட வழக்கம். குணசீலம் பெருமாளையும் சிக்கல் சிங்காரவேலரையும் கடந்துதான் நாம் போகிறோம்; நாகூர் தர்கா நாகைக்கு அடுத்தாற்போல் இருக்கிறது. கால் நடையாக வருகிறவருக்குத் தண்ணீர் கொடுப்பது இந்த நாட்டில் மதத்தைவிடப் பழைய தர்மம். அந்தத் தர்மத்துக்கு நாம் திருப்பிக் கொடுப்பது என்ன? வாசலெங்கும் வீசிவிட்டு வந்த பிளாஸ்டிக் தம்ளரும் பாக்கு மட்டைத் தட்டும். வாய்க்கால் ஓரத்தில் விட்டுவந்த அசிங்கம். குறுவை வயலுக்குப் போகும் தண்ணீர் அது. இதை நான் கோபத்தோடுதான் சொல்கிறேன். இந்தமுறை ஆளுக்கு ஓர் எவர்சில்வர் தம்ளரும் தட்டும். நாம் சாப்பிட்ட இடத்தைக் கூட்டிவிட்டுத்தான் அடுத்த அடி.

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பு இருக்கிறது. வெண்ணாறு அங்கே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிந்துபோகிறது. போனமுறை விடியலில் அங்கே நின்றபோது, முதல் நாளிலிருந்து என்னோடு பேசாமலே நடந்த ஓர் அம்மா, தான் எதற்காக நடக்கிறேன் என்று தானாகச் சொன்னார். அதை நான் இங்கே சொல்லப்போவதில்லை. இப்படி ஒருவர் வாய் திறக்க எட்டு நாள் ஆகிறது. மறுமுறை நடக்கிறவர்கள் அதற்காகவே பின்னால் நடக்க வேண்டும். முன்னால் ஓடிப்போய் முதலில் சேர்கிறவருக்கு மாதா கூடுதலாக எதையும் கொடுப்பதில்லை. கடைசியில் வருபவரின் வேகமே குழுவின் வேகமாக இருக்கட்டும்.

சந்தோஷ தேவ இரகசியங்களில் இரண்டாவதை எல்லாரும் அறிவீர்கள். கர்ப்பிணியான மரியாள் நாசரேத்திலிருந்து மலைநாட்டுக்கு விரைந்து நடந்து போகிறாள். போனது வயதான உறவுக்காரி எலிசபெத்தின் பேறுகாலத்துக்கு உதவ. மூன்று மாதம் தங்கினாள். அவள் மலைக்கு நடந்தாள், நாம் மலையிலிருந்து அவளிடம் நடக்கிறோம். அவளுடைய நடை ஒருத்தியின் கஷ்டத்தில் கூட நிற்பதற்காக இருந்தது. நம்முடையதும் அப்படியே இருக்கட்டும்.

ஆகவே உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். ஏற்கெனவே நடந்தவர்களில் நான்கு பேர் இந்த ஆண்டு நடக்காமல் வண்டியில் முன்னால் போக முன்வாருங்கள். தண்ணீர், கழிப்பறை, தங்குமிடம் மூன்றும் அவர்கள் பொறுப்பு. நடக்கும் பழையவர் ஒவ்வொருவரும் புதியவர் ஒருவரைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் படுக்கும் முன் அவருடைய பாதத்தை டார்ச் அடித்துப் பாருங்கள், உங்கள் பாதத்தை அவரிடம் காட்டுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் மறைக்காமல் பேரைக் கொடுங்கள். யாரையும் தடுக்க மாட்டோம், மருந்துப் பெட்டியை அதற்குத் தக்கபடி கட்ட வேண்டும். முதல் பயிற்சி நடை வருகிற சனிக்கிழமை விடியற்காலை நாலு மணிக்கு இங்கிருந்து சோளக்காட்டுக்கு. நடக்கப்போகும் செருப்பையே போட்டுக்கொண்டு வாருங்கள்.

மரியே வாழ்க!